"பழைய வெர்ஷன்"னு திட்டறதுக்கு முன்னாடி

ராக்கி, ஆல்மா லினக்ஸ் (ரெட் ஹேட் கம்பெனியோட சர்வர் லினக்ஸை ஒட்டி வர்ற இலவச லினக்ஸ்கள்) போட்டவங்க சொல்ற புகார்ல பாதி ஒரே பல்லவிதான்: "எல்லாமே பழைய வெர்ஷனா இருக்கே!" அதுங்களோட 9-வது பதிப்புல கர்னல் 5.14, பைத்தான் 3.9, ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.7. பழசுதான், மறுக்கல. அந்தப் பழசுக்காகத்தான் இதை சர்வர்ல போடறோம். இன்னிக்கு ஓடற அப்ளிகேஷன், 9-க்கு ஆதரவு முடியற 2032 மே வரைக்கும் அப்டேட்டால உடையக் கூடாது, அதுதான் கணக்கு. புதுசு புதுசா வேணும்னா ஃபெடோரா இருக்கு.

வெர்ஷன் எண் பழசுன்னா ஓட்டையும் அப்படியே இருக்குன்னு அர்த்தம் இல்ல. பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் எடுத்து பழைய கோடுலயே ஒட்டிடறாங்க. அதனால 8.7 அப்படியே நிக்கும், ஹைஃபனுக்கு (-) பின்னாடி வர்ற ரிலீஸ் எண்தான் ஏறும். செக்யூரிட்டி ஸ்கேனர் பலது முன்பாதியை மட்டும் பார்த்துட்டு சிவப்புக் கொடி காட்டும். ஆர்பிஎம் (பேக்கேஜ் விவரம் சொல்ற கட்டளை) கிட்ட அந்த பேக்கேஜோட சேஞ்ச்லாக், அதாவது மாற்றப் பட்டியல் கேட்டு, அதுல சிவிஇ எண்ணை (ஒவ்வொரு ஓட்டைக்கும் தர்ற அடையாள எண்) தேடினா பெரும்பாலும் பதில் கிடைச்சிடும். ஸ்கேனருக்குப் பயந்து சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்ணி மேல போட்டுடறவங்க, அந்த நிமிஷத்துல இருந்து டிஎன்எஃப் (பேக்கேஜ் போடற, அப்டேட் பண்ற கருவி) தர்ற பேட்சை இழந்துடறாங்க. பைத்தானும் இதே கதை: 9-ல பைத்தான்3 லிங்கை மாத்தினா டிஎன்எஃப்பே படுத்துடும், அது ஓடறதே அந்த 3.9 மேலதான். 3.11-ஐயோ 3.12-ஐயோ பக்கத்துல தனியா போட்டு, வென்வ்ல (பைத்தானோட தனிச் சூழல்) வேலை பாருங்க.

உண்மையில திட்ட வேண்டிய இடம் இன்ஸ்டாலர். 8, 9 ரெண்டுலயும் ஆட்டோமேட்டிக் பார்ட்டிஷன் விட்டா, பெரிய டிஸ்க்ல ரூட்டுக்கு 70 ஜிபி மட்டும் ஒதுக்கிட்டு மிச்சத்தை ஹோமுக்குத் தூக்கிக் கொடுத்துடும். டேட்டாபேஸ், லாக், கன்டெய்னர் இமேஜ் எல்லாம் வார் (/var) ஃபோல்டர் அடியில, அதாவது ரூட்ல. கொஞ்ச நாள்ல ரூட் 100 சதவீதம், ஹோம் காத்தாடுது. ஹோமைச் சுருக்கலாம்னு பார்த்தா அது எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம், வளரும், சுருங்காது. ஒரே வழி: ஹோமை டார் போட்டு வேற இடத்துல வச்சு, அன்மவுன்ட் பண்ணி, அந்த லாஜிக்கல் வால்யூமை அழிச்சு, எஃப்எஸ்டேப்ல (பூட் ஆகறப்ப எதை மவுன்ட் பண்ணணும்ங்கற பட்டியல்) இருக்கற ஹோம் வரியையும் எடுத்துட்டு, ரூட் வால்யூம் மேல எல்வி எக்ஸ்டெண்டை (lvextend) ஆர் (-r) ஆப்ஷனோட ஓட்டணும். அந்த ஆர் இல்லன்னா வால்யூம் மட்டும் பெருசாகும், ஃபைல் சிஸ்டம் 70-லயே நிக்கும். எஃப்எஸ்டேப் வரியை மறந்தா அடுத்த ரீபூட்ல நேரா எமர்ஜென்சி மோடுதான். சாதாரண யூசரா உள்ள வந்து சூடோ போட்டா ஹோம் "பிஸி"ன்னு அன்மவுன்டே ஆகாது, ரூட்டா லாகின் பண்ணுங்க. டாரைத் திரும்ப விரிச்சதும் ஹோம் மேல ரெஸ்டோர்கான் (ஃபைலோட பாதுகாப்பு லேபிளைச் சரியாக்கற கட்டளை) ஓட்டணும். இன்ஸ்டால் அன்னிக்கே பார்ட்டிஷனைக் கையால பிரிச்சிருந்தா, இவ்வளவும் ரெண்டு நிமிஷ வேலை.

அடுத்தது எஸ்இலினக்ஸ்: ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள் ஒட்டி, எந்த ப்ரோக்ராம் எதைத் தொடலாம்னு கட்டுப்படுத்தற பாதுகாப்பு அடுக்கு. முதல்ல அதை அணைச்சுட்டுத்தான் மறுவேலைன்னு சொல்ற டுடோரியல் இன்னும் சுத்துது. நடக்கறது இதுதான்: வெப்சைட் ஃபைலை ஹோம்ல வச்சுட்டு எம்வி போட்டு வெப் ஃபோல்டருக்கு நகர்த்துவாங்க. எம்வி பழைய லேபிளையும் சேர்த்தே தூக்கிட்டு வரும். சிபி போட்டிருந்தா புது இடத்தோட லேபிள் வந்திருக்கும். சைட் 403 காட்டும். 777 பர்மிஷன் கொடுத்தும் அசையாது. எல்எஸ்ஸை பெரிய இசட் ஆப்ஷனோட ஓட்டினா யூசர்_ஹோம்_டி-ன்னு லேபிள் தெரியும். ரெஸ்டோர்கான் ஒரு வரி, சரியாயிடும். என்ஜின்எக்ஸை ப்ராக்ஸியா வச்சு 502 வந்தா, httpd_can_network_connect-ங்கற பூலியனை (ஆன்/ஆஃப் சுவிட்ச்) செட்எஸ்இபூல் (setsebool) கட்டளையால ஆன் பண்ணணும், பெரிய பி (-P) ஆப்ஷன் சேர்த்து. அதை விட்டா ரீபூட்டுக்கு அப்புறம் மறுபடி 502. அணைச்சே ஆகணும்னா பெர்மிசிவ் (தடுக்காம லாக் மட்டும் எழுதற நிலை) போதும், எதைத் தடுத்திருக்கும்னு லாக்லயாவது தெரியும். டிசேபிள் பண்ணா புது ஃபைலுக்கு லேபிளே விழாது, பின்னாடி திருப்பிப் போடறப்ப டிஸ்க் முழுக்க ரீலேபிள்.

"இலவசம், நாளைக்கு நிறுத்திட்டா?"ன்னு கேக்கறது நியாயமான பயம். ராக்கி, ஆல்மாவுக்கு முன்னாடி எல்லாரும் போட்ட இலவச ரெட் ஹேட் நகல் சென்ட்ஓஎஸ். 2029 வரைன்னு இருந்த அதோட 8-ஐ 2021 டிசம்பரோட முடிக்கறோம்னு 2020 டிசம்பர்ல சொன்னாங்க. அதுல பிறந்ததுதான் ராக்கியும் ஆல்மாவும். 2023-ல ரெட் ஹேட் சோர்ஸ் வெளியிடற முறையைச் சுருக்கினதும் ஆல்மா அச்சு அசல் நகல்ங்கற குறிக்கோளை விட்டுட்டு, அப்ளிகேஷன் ஒத்துப்போனா போதும்னு மாறிச்சு. அதுல லாபமும் உண்டு: ரெட் ஹேட் கைவிட்ட சில பழைய ரெய்டு கார்டுகளை 9.4-ல திரும்ப ஏத்துக்கிட்டாங்க. 10-வது பதிப்புக்கு எக்ஸ்86-64-வி3 தலைமுறை ப்ராசஸர் வேணும், ஆனா ஆல்மா அதுக்கு முந்தின வி2-வுக்கும் தனி பில்ட் தருது. பழைய இரும்பு வச்சிருந்தா என் ஓட்டு ஆல்மாவுக்கே.

இன்னும் சென்ட்ஓஎஸ் 7-ல இருக்கறவங்களுக்கு: அதோட ஆயுள் 2024 ஜூன் 30-ல முடிஞ்சுது. மிரர்லிஸ்ட் முகவரி கிடைக்கலன்னு யம் (7-ல பேக்கேஜ் போடற கருவி) அழுதா, ரெப்போ ஃபைல்ல வால்ட், அதாவது பழைய பேக்கேஜ் காப்பகத்தோட முகவரியைப் போட்டா பேக்கேஜ் இறங்கும், புது பேட்ச் வராது. எலிவேட்ங்கற அப்கிரேட் கருவியை வச்சு 7-ல இருந்து 8, அங்கிருந்து 9-க்குப் போகலாம். ஒரே தாவல் கிடையாது. ஸ்னாப்ஷாட் எடுத்துட்டு ப்ரீஅப்கிரேட் (முன்சோதனை) ஓட்டுங்க. ரிப்போர்ட்ல இன்ஹிபிட்டர் (தடை)னு ஒரு வரி இருந்தாலும் அப்கிரேட் ஆரம்பிக்காது. விர்ச்சுவல் மெஷின்ல அது பல தடவை ஃப்ளாப்பி டிரைவரா இருக்கும். ஆர்எம்மாட் (rmmod) கட்டளை போட்டு அந்த டிரைவரைக் கழட்டிட்டு மறுபடி ஓட்டுங்க.