டைம்ஷேர் வாங்கத்தான் போகிறீர்களா? கைமாறுகிற விலையை முதலில் பாருங்கள்

டைம்ஷேர் வாங்கலாமா என்று கேட்டு வெளிநாட்டில் இருந்து யாராவது வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினால், நான் திருப்பிக் கேட்கிற கேள்வி ஒன்றுதான். அதே ரிசோர்ட்டில் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிற ஒருவர் அதை இன்றைக்கு என்ன விலைக்கு விற்கப் பார்க்கிறார்? இது தெரியாமல் கையெழுத்து வைக்காதீர்கள். தெரிந்த பிறகும் அந்த ரிசோர்ட் கொம்பனியிடமே வாங்கவேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

"கிளிநொச்சியில் இருந்துகொண்டு அமெரிக்காவின் ஒர்லாண்டோ ரிசோர்ட்டுக்குப் புத்தி சொல்லுறார்" என்று சிலருக்குச் சிரிப்பு வரும். வரட்டும். பரந்தனில் இருந்து மல்லாவி வரைக்கும் கனடாவின் ஸ்காபரோவிலோ பிரம்டனிலோ ஒரு ஆள் இல்லாத குடும்பம் குறைவு. அங்கே ஒரு மேசையில் வைக்கிற கையெழுத்து, இங்கே ஒரு கிணற்று வேலையை இரண்டு வருடம் தள்ளிப்போடும். அதனால் எங்களுக்கும் இதில் பேச உரிமை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

விடயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு விடுமுறை விடுதியில் வருடத்துக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை முன்கூட்டியே காசு கொடுத்து வாங்குவதுதான் டைம்ஷேர். முன்பு இன்ன அறை, இன்ன வாரம் என்று இருந்தது, இப்போது பெரும்பாலும் பொயின்ட்ஸ், அதாவது வருடாவருடம் கிடைக்கும் புள்ளிகளைக் கொடுத்து அறை எடுப்பது. சிலது உறுதிப் பத்திரம் எழுதிக் காலம் முழுக்க உங்கள் பெயரில் இருக்கும், சிலதுக்கு முடிவுத் தேதி உண்டு. டைம்ஷேர் விற்கிற டிஸ்னியின் பழைய விடுதிகள் பலவற்றின் ஒப்பந்தம் 2042 ஜனவரியோடு முடிகிறது. எதுவானாலும் வருடாவருடம் பராமரிப்புக் காசு கட்டவேண்டும். போனாலும் கட்டவேண்டும், போகாவிட்டாலும் கட்டவேண்டும், அது கூடிக்கொண்டுதான் போகும்.

இப்போது விலைக்கு வருவோம். அமெரிக்காவில் கொம்பனியிடம் நேரே வாங்குகிறவர் சராசரியாக இருபதாயிரம் டொலருக்கு மேலே கொடுக்கிறார், பராமரிப்புக் கட்டணம் சராசரியாக வருடம் ஆயிரம் டொலருக்கு மேலே போகிறது. டொலர் முந்நூறு ரூபாய் என்று வைத்தால் முதல் காசு மட்டும் அறுபது லட்சம். சரி, அதே மாதிரியான வாரங்கள் ஈபேயில் ஒரு டொலருக்குக் கிடக்கின்றன. எழுத்துப்பிழை இல்லை, ஒரு டொலர்தான். சிலர் பெயர் மாற்றும் செலவையும் தாங்களே கட்டி, யாராவது எடுத்தால் போதும் என்று நிற்கிறார்கள். எல்லா ரிசோர்ட்டும் இந்த நிலைமையில் இல்லை, நல்ல இடத்து நல்ல வாரத்துக்கு விலை இருக்கிறது. ஆனால் முதல் விலையின் பாதியாவது திரும்பி வரும் என்று எண்ணுகிறவர் பெரும்பாலும் ஏமாந்துபோவார்.

ஏன் இப்படி விழுகிறது? பொருள் கெட்டுப்போகவில்லை, கட்டிலும் நீச்சல்குளமும் அப்படியேதான் இருக்கின்றன. விலைக்குள் விற்பனைச் செலவு ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். உங்களைக் கூப்பிட்டு இருத்திய அந்த ஒன்றரை மணி நேர விற்பனைக் கூட்டம், இலவச பார்க் டிக்கெட், காலைச் சாப்பாடு, மலிவு விலையில் தந்த ஹொட்டேல் அறை, சிரித்துச் சிரித்துக் கதைத்தவரின் கொமிஷன், அவர் முடியாமல் போனபோது உள்ளே இருந்து வந்த மனேஜரின் கொமிஷன், கூட்டத்துக்கு வந்து வாங்காமல் போன மற்றக் குடும்பங்களுக்குக் கொடுத்த டிக்கெட், இவ்வளவும் வாங்கிய ஒருவரின் தலையில்தான் எழுதப்படுகிறது. பழைய ஆளிடம் வாங்கும்போது இந்தச் செலவு கழிந்துவிடுகிறது. பழைய ஆள் அதை ஏற்கெனவே கட்டி முடித்துவிட்டார், பாவம்.

எங்கள் ஆட்கள் இதில் சுலபமாக மாட்டுவதற்குத் தனியான ஒரு காரணம் இருக்கிறது என்பது என் எண்ணம். நாங்கள் வளர்ந்த ஊரில், வாங்கிய பொருளின் விலை இறங்கி நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. ஏ9 ஓரத்துக் காணி இறங்கியதா? வாகனம் இறங்கியதா? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனத்துக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த இடைவெளியில் ஓடித் தேய்ந்த வானை வாங்கிய விலைக்கு மேலே விற்றவர்களை எல்லோருக்கும் தெரியும். அந்த மனதோடு ஒர்லாண்டோவில் போய் இருந்தால், "இது சொத்து" என்று விற்பனைக்காரர் சொல்வது காதுக்கு இயல்பாகத்தான் கேட்கும்.

என் சித்தப்பாவின் மகன் ஒருவன் ஸ்காபரோவில் இருக்கிறான். பிள்ளைகளைப் புளோரிடாவுக்குக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் ஒரு கொம்பனியிடம் வாங்கிவிட்டான். ஆகஸ்டில் ஊருக்கு வந்து நின்றபோது பெருமையாகத்தான் சொன்னான்.

"அண்ணை, இது வாடகைக் காசு மாதிரி வீணாப் போறதில்லை. எனக்குப் பிறகு பிள்ளையளுக்குப் போகும்."

"போகும் சரி. வருசாவருசம் கட்டுற காசும் பிள்ளையளுக்குத்தானே போகும்?"

அவன் மனைவிதான் சிரித்தாள். அவன் அன்றிரவு இணையத்தில் பழைய விலை தேடியிருக்கிறான், மறுநாள் அந்தக் கதையை எடுக்கவே இல்லை.

கொம்பனிக்காரரின் பக்கத்திலும் ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு எழுதினால் நியாயமில்லை. கைமாறி வாங்குகிறவருக்கு எல்லா உரிமையும் வராது. டிஸ்னியை எடுங்கள். 2019 ஜனவரி 19க்குப் பிறகு பழைய விடுதிகளின் பொயின்ட்ஸை இரண்டாம் கையில் வாங்கியவர், அதன்பிறகு வந்த ரிவியேரா போன்ற புது விடுதிகளில் அதைப் பாவிக்க முடியாது. ரிவியேராவையே இரண்டாம் கையில் வாங்கினால் ரிவியேராவில் மட்டும்தான் பாவிக்கலாம். இன்னொரு பெரிய டைம்ஷேர் கொம்பனியான மரியட்டில் 2010 ஜூன் 20க்குப் பிறகு வெளியாளிடம் வாங்கிய வாரங்களைப் பொதுவாக அவர்களுடைய பொயின்ட்ஸ் திட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். விண்டம் கொம்பனியில் இரண்டாம் கைப் பொயின்ட்ஸ், கூடுதலாக வாங்கியவர்களுக்குச் சலுகை தருகிற விஐபி தரத்துக்குக் கணக்கில் வராது. இதைத்தான் மேசையில் பெரிதாகச் சொல்வார்கள்: "பழையதை வாங்கினால் உங்களுக்கு இதெல்லாம் இல்லை."

உண்மைதான். ஆனால் இதன் மறுபக்கத்தை அந்த மேசையில் யாரும் சொல்லமாட்டார்கள். நீங்கள் முழு விலை கொடுத்து வாங்குகிற அந்தச் சலுகை உங்கள் கையோடு முடிந்துவிடும். நாளைக்கு நீங்கள் விற்கப்போகும்போது உங்களிடம் வாங்குகிறவர்தான் அந்த இரண்டாம் கை ஆள், அவருக்கு அது கிடைக்காது, ஆகவே அதற்கு அவர் ஒரு சதமும் தரமாட்டார். எங்கள் பக்கத்துப் பேமிற் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி மாதிரிதான். பேமிற்காரர் இருக்கும்வரை எல்லாம் சரி, பிரதேச செயலகத்தின் அனுமதி இல்லாமல் வெறும் துண்டில் எழுதிக் கைமாற்றினால் வாங்கினவருக்கு அந்த உரிமை இல்லை. வன்னியில் இதைச் சின்னப் பிள்ளைக்கும் விளக்கத் தேவையில்லை, ஆனால் அதே ஆள் கனடாவுக்குப் போனதும் ரிசோர்ட் பத்திரத்தில் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்.

நேரே வாங்குவது பொருந்துகிற ஆட்களும் இருக்கிறார்கள். டிஸ்னியில் முதலில் வாங்கும் உரிமையைக் கொம்பனி தன் கையில் வைத்திருக்கிறது. அதாவது நீங்களும் விற்பவரும் பேசி முடித்த விலையைக் கொம்பனி பார்க்கும், மலிவாகத் தெரிந்தால் அதே விலைக்குத் தானே எடுத்துக்கொள்ளும். அதனாலும், அந்த விடுதிகளுக்கு உள்ள கேள்வியாலும், மற்றவற்றைப்போல டிஸ்னியின் விலை அதலபாதாளத்துக்குப் போகவில்லை. புது விடுதிதான் வேண்டும், பிள்ளைகள் சின்னவர்கள், கையில் ரொக்கம் இருக்கிறது, இரண்டு விலைக்கும் இடையில் வித்தியாசமும் பெரிதில்லை என்றால் கணக்குப் போட்டுப் பார்த்துக் கொம்பனியிடம் வாங்குவதில் மடத்தனம் எதுவும் இல்லை. மரியட், விண்டம் விடயத்தில் நான் இதே தாராளத்தைக் காட்டமாட்டேன். விஐபி தரத்துக்காகப் பத்தாயிரக்கணக்கில் கூடுதலாகக் கட்டுகிறவர், அந்தக் காசுக்கு எத்தனை வருடம் நல்ல ஹொட்டேலில் நிற்கலாம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கவேண்டும்.

கடன் எடுத்து வாங்குவது பற்றி எழுதவே எரிச்சலாக இருக்கிறது. கொம்பனி அந்த மேசையிலேயே கடன் தரும், வட்டி பதினைந்து வீதத்தை ஒட்டி நிற்கும், சிலருக்கு அதற்கும் மேலே. 2009இல் போர் முடிந்த பிறகு, கடனுக்கு வாகனம் கொடுக்கிற லீசிங் கொம்பனிகள் வன்னிக்குள் வந்து என்ன செய்துவிட்டுப் போனார்கள் என்று பார்த்த எங்களுக்கு இது புதிதல்ல. இரண்டாம் கையில் வாங்கப் பெரும்பாலும் ரொக்கம் வேண்டும், கடன் சுலபத்தில் கிடைக்காது. அதைக் குறையாகச் சொல்வார்கள், எனக்கு அது ஒரு பாதுகாப்பாகத்தான் தெரிகிறது.

அதற்காக ஒரு டொலர் என்றதும் ஓடிப்போய் எடுக்கவும் வேண்டாம். ஒரு டொலருக்கு நீங்கள் எடுப்பது வருடம் ஆயிரம் டொலர் கட்டும் பொறுப்பை. விற்பவருக்கு நிலுவை இருக்கிறதா, இந்த வருடப் பொயின்ட்ஸை அவர் ஏற்கெனவே பாவித்து அடுத்த வருடத்தினதையும் கடனாக எடுத்து முடித்துவிட்டாரா, உறுதி யார் பெயரில் இருக்கிறது, இவற்றை ரிசோர்ட்டிடம் எழுத்தில் வாங்கவேண்டும். காசை விற்பவரின் கையில் கொடுக்காமல், உறுதி மாற்றித் தருகிற நிறுவனத்தின் பொறுப்புக் கணக்கில் போடவேண்டும், பெயர் மாறிப் பதிவான பிறகுதான் அது விற்பவருக்குப் போகவேண்டும். மாதக்கணக்கில் இழுபடும், பரவாயில்லை.

விற்க நினைப்பவர்களுக்கும் ஒன்று. உங்கள் டைம்ஷேருக்கு ஆள் தயாராக இருக்கிறார், முதலில் பதிவுக் காசும் வரியும் கட்டுங்கள் என்று தொலைபேசி வந்தால் வைத்துவிடுங்கள். அமெரிக்க வர்த்தக ஆணையம் எத்தனையோ தடவை எச்சரித்த மோசடி இது. மெக்சிகோவில் இந்த வேலையின் பின்னால் ஹாலிஸ்கோ போதைப்பொருள் கும்பல் நிற்கிறது என்று சொல்லி 2023இல் அமெரிக்கத் திறைசேரி சில கொம்பனிகளுக்குத் தடையே போட்டது. ஒழுங்கான தரகர் விற்று முடித்த பிறகுதான் கொமிஷன் எடுப்பார். கடன் முடிந்திருந்தால் முதலில் உங்கள் கொம்பனியிடமே கேளுங்கள், விண்டம் போன்றவை திருப்பி எடுக்கும் வழி வைத்திருக்கின்றன.

எதுவும் வாங்காமல் இன்னொரு வழியும் உண்டு. வைத்திருப்பவர்கள் பலர் தங்களால் போகமுடியாத வாரத்தை வாடகைக்கு விடுகிறார்கள், பராமரிப்புக் காசு வந்தால் போதும் என்ற விலைக்கு. ஒரு தடவை அப்படிப் போய் நின்று பாருங்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கிறதா, லீவு நேரத்தில் அறை கிடைக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஏற்கெனவே கையெழுத்து வைத்துவிட்டு வந்து இதை வாசிக்கிறீர்களா? முதலில் பத்திரத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். புளோரிடாவில் கொம்பனியிடம் வாங்கியிருந்தால், கையெழுத்து வைத்த நாளில் இருந்தோ கடைசி ஆவணம் கைக்கு வந்த நாளில் இருந்தோ, எது பிந்தியதோ அதில் இருந்து 10 நாட்களுக்குள் ரத்துச் செய்யலாம், அந்த உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் செல்லாது. ஒன்ராறியோவில் செய்த ஒப்பந்தம் என்றால் எழுத்துப் பிரதி கிடைத்ததில் இருந்து 10 நாள், ஐரோப்பாவில் 14 நாள். போன் எடுத்துச் சொல்லவேண்டாம், அவர்கள் திரும்பவும் கதைத்து நாளைக் கடத்துவார்கள். காரணம் எதுவும் எழுதத் தேவையில்லை. ரத்துச் செய்கிறேன் என்று ஒப்பந்த இலக்கத்தோடு எழுதி, பத்திரத்தில் சொன்ன முகவரிக்குப் பதிவுத் தபாலில் போட்டு, ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.