பின்னால் உட்கார்ந்திருக்கும் தலைவர்

ஜாஸ் கச்சேரி முடிந்ததும் கூட்டம் நேராக சாக்ஸபோன்காரரிடம் போகும். பாடகி இருந்தால் பாடகியிடம். டிரம்மர் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. போனாலும் அவருக்குப் பேச நேரம் இருக்காது; குனிந்து சிம்பல் என்கிற உலோகத் தட்டுகளைக் கழற்றி, கம்பிகளை மடக்கி, பைகளில் அடைத்துக்கொண்டிருப்பார். மற்றவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில்தான் அவர் கடைசிப் பெட்டியை வண்டியில் ஏற்றுவார். வரும்போதும் எல்லோருக்கும் முன்னால் வந்தவர் அவர்தான்.

எனக்குப் பழக்கமான டிரம்மர் ஒருவருக்கு இத்தோடு இன்னொரு சுமையும் உண்டு. நாலு பேர் கொண்ட பேண்டுக்கு அவர்தான் தலைவர். பகலில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறார், வரவேற்பு நிகழ்ச்சிகளில் யார் யாருக்கோ பின்னால் வாசிக்கிறார். மிச்சமிருக்கும் இரவுகளில்தான் சொந்த பேண்ட். சத்தம் அதிகம் என்று நிகழ்ச்சி நடத்துபவர் வந்து சொல்வார்; உப்புச்சப்பில்லாமல் இருக்கிறதே என்று சாக்ஸபோன்காரர் முறைப்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இவருக்காகவே சொன்னது போல இருக்கும்.

என் கட்சி இதுதான். ஓர் உள்ளூர் ஜாஸ் பேண்ட் பல வருஷம் கலையாமல் ஓடுகிறதென்றால், அதை இழுத்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் டிரம்மர்தான். அவர் சோலோவே, அதாவது தனி வாசிப்பே, வாசிக்காவிட்டாலும் சரி.

சோலோ என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். சினிமாக்கள் நம் மண்டையில் ஏற்றிவைத்திருக்கும் ஜாஸ் டிரம்மர் வேறு ஆள். கையில் ரத்தம், முகத்தில் வெறி, எதிரில் கத்துகிற வாத்தியார். பின்னாளில் பெரிய சாக்ஸபோன் மேதையான சார்லி பார்க்கர் பதின்ம வயதில் கான்சஸ் சிட்டியின் ரெனோ கிளப்பில் தடுமாறியபோது, டிரம்மர் ஜோ ஜோன்ஸ் ஒரு சிம்பலைக் கழற்றி அவர் காலடியில் போட்டார் என்பது பழைய கதை. 1936இல் நடந்தது. அது கைமாறிக் கைமாறி, தலையைக் குறிபார்த்து எறிந்தார் என்று ஆகிவிட்டது. அதே ஜோ ஜோன்ஸ்தான் பியானோக்காரர் கவுன்ட் பேசியின் பேண்டில் ஹை-ஹாட்டை, காலால் மூடித் திறக்கும் அந்த ஜோடி சிம்பலை, அவ்வளவு லேசாக, காற்று போல வாசித்தவர். அதை யார் சொல்கிறார்கள்?

நம்ம ஆளை இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வலது கை ரைடு என்கிற பெரிய சிம்பலில் டிங், டிங்-க-டிங் என்று போய்க்கொண்டே இருக்கும். இடது கால் இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் ஹை-ஹாட்டை மூடும். வலது கால், தரையில் இருக்கும் பெரிய பாஸ் டிரம்மை நாலு அடியும் தொடும், ஆனால் எதிரே இருப்பவர் காதில் விழாது. பக்கத்தில் நிற்கும் டபுள் பாஸ்காரருக்கு மட்டும் உள்ளங்காலில் தெரியும். மெதுவான பாட்டு வந்தால் குச்சியை வைத்துவிட்டு கம்பி பிரஷ்ஷை எடுப்பார். ஸ்நேர் என்கிற சின்ன டிரம்மின் மேல்தோல் சொரசொரப்பாக இருந்தால்தான் அந்த உரசல் சத்தம் வரும்; வழவழப்பான தோலில் கம்பி சும்மா வழுக்கிக்கொண்டு போகும். அதனாலேயே எங்கே போனாலும் சொந்த ஸ்நேரைத் தூக்கிக்கொண்டு போகிறார். சிம்பல்களும் பெடலும்கூடச் சொந்தம்தான். அப்புறம் ஒரு பழைய கம்பளம். அதை விரிக்காவிட்டால் மிதிக்க மிதிக்க பாஸ் டிரம் முன்னால் நகர்ந்து போய்க்கொண்டே இருக்குமாம்.

அவர் வலது கையில் கேட்பதும் ஒரு பெரிய மாற்றத்தின் மிச்சம். முன்பெல்லாம் பாஸ் டிரம்தான் தாளத்தைச் சுமந்தது. 1940களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், மின்டன்ஸ் பிளேஹவுஸ் கிளப்பில் வாசித்த டிரம்மர் கென்னி கிளார்க், தாளத்தை ரைடு சிம்பலுக்கு ஏற்றிவிட்டு, பாஸ் டிரம்மை எதிர்பாராத இடங்களில் வெடிக்கவிட்டார். அதற்கும் முன்னால் நிலைமை இன்னும் மோசம். 1923இல் கிங் ஆலிவரின் பேண்ட் இசைத்தட்டு பதிந்தபோது, அதன் டிரம்மர் பேபி டாட்ஸ் கையில் மரக்கட்டைகளைத்தான் கொடுத்தார்கள். பாஸ் டிரம் அடித்தால் பதிவு ஊசி துள்ளிவிடும் என்று பயம்.

டிரம்மரே தலைவராக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு சிக் வெப் போதும். சிறு வயதிலேயே முதுகெலும்பில் காசநோய். கூன் விழுந்த, மிகக் குள்ளமான உடம்பு. ஹார்லெமின் சவாய் நடன அரங்கில் அவர் பேண்டை மிஞ்சுவது லேசில்லை. 1937இல் கிளாரினெட்காரர் பென்னி குட்மேனின் பேண்ட் அங்கே வந்து போட்டி போட்டுத் தோற்றது. குட்மேனுக்கு டிரம்ஸ் வாசித்தவர் ஜீன் க்ருப்பா, அன்றைய பெரிய நட்சத்திரம். வெப் 1939இல் இறந்தபோது வயது முப்பத்தைந்துகூட ஆகவில்லை. அவர் சேர்த்துக்கொண்ட பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் அந்த பேண்டைத் தொடர்ந்து நடத்தினார்.

இன்னொரு டிரம்மர் தலைவர் ஆர்ட் பிளேக்கி கதை வேறு மாதிரி. ஜாஸ் மெசெஞ்சர்ஸ் பேண்டை அவரோடு சேர்ந்து தொடங்கிய பியானோக்காரர் ஹொரஸ் சில்வர் 1956இல் பிரிந்து போனார். பெயரை பிளேக்கி வைத்துக்கொண்டு, 1990இல் சாகும்வரை பேண்டை நடத்தினார். லீ மார்கன், வெய்ன் ஷார்ட்டர், ஃப்ரெடி ஹபர்ட், வின்டன் மார்சாலிஸ் என்று இளசுகளாகப் பார்த்துப் பிடிப்பார், தயார் பண்ணுவார், அவர்கள் கிளம்பிப் போவார்கள், அடுத்த ஆளைத் தேடுவார். நம்மவருக்கும் இதே பிழைப்புதான், புகழ் மட்டும் இல்லை. நன்றாகத் தேறிய பியானோ பையன் போன வருஷம் சொகுசுக் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். "போகட்டும் சார், அவனும் பிழைக்கணும்ல" என்றார். புதிதாக வந்த பெண்ணுக்கு மறுபடி முதல் பாட்டிலிருந்து ஆரம்பித்தார். இதில் கோபப்பட எனக்குத்தான் தோன்றியது.

கோபப்பட வேண்டிய இடம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. "நாலு பேர் பார்ப்பாங்க, பேர் கிடைக்கும்" என்று சொல்லிக் கூப்பிடுகிறவர்கள். இரண்டு மணி நேர வாசிப்புக்கு முன்னால் ஒத்திகை, சுமை தூக்குவது, பொருத்துவது, கழற்றுவது என்று எவ்வளவு இருக்கிறது! ஒருமுறை நிகழ்ச்சி முடிந்த பிறகு, பேசியதில் பாதியைத்தான் கொடுத்தார்கள். மற்ற மூவருக்கும் பேசியபடியே எண்ணிக் கொடுத்துவிட்டு, பெட்ரோலுக்குத் தேறியதோடு இவர் கிளம்பினார். தலைவர் என்றால் அப்படித்தான் என்கிறார். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆகவே உங்கள் விழாவுக்கு ஒரு ஜாஸ் பேண்டைக் கூப்பிடுவதாக இருந்தால், டிரம்ஸை மேடையருகே இறக்க வண்டிக்கு இடம் விடுங்கள். பேசிய தொகையை வாசிப்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். அவர் அதை நாலாகப் பிரிக்க வேண்டும்.