கீமோ நடக்கும் வீட்டில் முட்டையை நிறுத்தாதீர்கள்

நம்ம மலையகத்தில் ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால் முதல் அடி விழுவது நோயாளியின் சாப்பாட்டில்தான். முட்டை சூடு, கோழி ஆகாது, கருவாடு கூடவே கூடாது, சீனியைத் தொட்டால் கட்டி பெருக்கும் என்று லயத்தில் ஆளுக்கொன்றாகச் சொல்லித் தட்டையே காலியாக்கிவிடுவார்கள். மிஞ்சுவது கஞ்சியும் சாயத்தண்ணியும். அக்கறையில்தான் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கீமோ, அதாவது புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் காலத்தில் இந்தப் பத்தியம் ஆளை உருக்கிவிடும்.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் கலங்களைத் தாக்குகிறது. புற்றுநோய்க் கலங்கள் அப்படிப்பட்டவை. வாயின் உட்பக்கம், குடலின் உட்பக்கம், எலும்பு மஜ்ஜை, முடி வேர் ஆகியவற்றில் உள்ள நல்ல கலங்களும் அப்படிப்பட்டவைதான். வாய்ப்புண், வயிற்றோட்டம், முடி கொட்டுவது, இரத்தம் குறைவது எல்லாம் இதனால்தான் வருகின்றன. அடிபட்டதை உடம்பு திரும்பக் கட்ட வேண்டுமென்றால் புரதம் வேண்டும். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1 கிராமுக்குக் குறையாமலும், முடிந்தால் 1.5 கிராம் வரையும் புற்றுநோயாளிக்குப் புரதம் தேவை என்கிறது ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டல். 50 கிலோ உள்ள ஒருவருக்கு அது 50 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது சுமார் 6 கிராம். ரொட்டியும் சம்பலும் மட்டும் தின்று அந்தக் கணக்கை எட்டவே முடியாது, கஞ்சியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மெலிந்துபோனவர்களுக்குப் பக்கவிளைவும் கூடும். மருந்தின் அளவைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ நேரும். விடியுமுன் ஹட்டனில் பஸ் ஏறி மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபிறகு “இன்னைக்கு ஏத்த ஏலாது” என்று திரும்பி வருவது எவ்வளவு வேதனை என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும்.

சீனிக் கதைக்கு வருகிறேன். உடம்பின் எல்லாக் கலங்களுக்கும் குளுக்கோஸ் வேண்டும். சீனியை விட்டாலும் சோற்றிலிருந்தும், அது போதாவிட்டால் ஈரலிலிருந்தும் உடம்பு அதை எடுத்துக்கொள்ளும். கட்டியை மட்டும் பட்டினி போட வழியில்லை. நீரிழிவு உள்ளவர்கள் டொக்டர் சொன்ன கட்டுப்பாட்டோடு இருக்கட்டும். மற்றவர்கள் வாய் கசந்து கிடக்கும் நேரத்தில் கொஞ்சம் இனிப்பாகப் பால் கேட்டால் கொடுங்கள்.

என் சின்னம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். மருந்து ஏற்றிய பிறகு சில நாட்களுக்குத் தாளிக்கிற வாசம் வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். எதைத் தின்றாலும் துரு மாதிரி இருக்கிறது என்றார். எவர்சில்வர் கரண்டியை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் கரண்டி கொடுத்தோம், சூடாறிய சாப்பாடாகக் கொடுத்தோம். அவருக்கு இறங்கியது ஒன்றுதான்: மிளகாய் போடாமல் கட்டியாக வேகவைத்த பருப்பில் முட்டையை உடைத்து ஊற்றி, அது முழுக்க வெந்து திரளும்வரை கிண்டியது. சின்னக் கோப்பையில், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. பக்கத்துக் காம்பரா அக்கா வந்து பார்த்துவிட்டு, “முட்டை குடுக்கிறியே, சூடு புடிச்சிரும்டி” என்றார். சின்னம்மாவே பதில் சொல்லிவிட்டார்: “இது ஒண்ணுதான் எறங்குது, விடு புள்ள.”

முட்டைக்குக் காசில்லாத நாளும் நம்ம வீடுகளில் உண்டு. அன்றைக்குப் பருப்பு, கடலை, சோயாமீட், நெத்தலி இருக்கின்றன. சாப்பிட முடிகிற ஆளுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புரத மா டின் வாங்கத் தேவையில்லை. விழுங்கவே முடியாமல் போனால் அது வேறு விஷயம், உடனே வைத்தியசாலையில் சொல்ல வேண்டும். வாய்ப்புண் இருந்தால் கட்டைச் சம்பலும் புளியும் கொஞ்ச காலம் வேண்டாம். வெற்றிலையை அறவே விட்டுவிடுங்கள், பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள்தான். குமட்டலுக்கு இஞ்சி சிலருக்குக் கொஞ்சம் உதவும். அதற்காக டொக்டர் கொடுத்த வாந்திக் குளிசையை நிறுத்தக்கூடாது.

நான் உண்மையில் பயப்படுவது கிருமிக்குத்தான். பல மருந்துகளில், ஏற்றி ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரையில் வெண்குருதிக் கலங்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த நாட்களில் வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போடாமல் வேகவைத்துக் கொடுங்கள். அரை அவியல் முட்டை வேண்டாம். பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் பனடோலைப் போட்டுவிட்டு விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நடு இரவானாலும் வாகனம் பிடித்து வைத்தியசாலைக்குப் போங்கள்.

அப்புறம் முள்சீத்தா இலைக் கசாயம். ஆய்வுகூடத்தில் கலங்கள் மீது ஏதோ விளைவு தெரிந்தது என்பதை வைத்து அது மனிதருக்குப் புற்றுநோயைக் குணமாக்கும் என்று பரப்புகிறார்கள். அப்படி நிரூபணம் எதுவும் இல்லை. கசாயங்கள், பொடிகள் சில கீமோ மருந்தின் வேலையைக் கெடுக்கவும் கூடும், ஈரலைப் பாதிக்கவும் கூடும். எதைக் குடித்தாலும் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று பயந்து நம்ம ஆட்கள் வாயைத் திறப்பதே இல்லை.

திறந்தாலும் பாஷை இடிக்கிறது. எங்கள் கையில் கொடுத்த சாப்பாட்டு அறிவுரைத் தாள் சிங்களத்தில் மட்டும்தான் இருந்தது. கொழுந்தெடுத்து வாழும் ஒரு அம்மா அதை வைத்து என்ன செய்வார்? மடித்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிடுவார். சுகாதாரத் துறையில் வேலை செய்யும் நம்ம பிள்ளைகள் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். ரொட்டி, பருப்பு, நெத்தலி என்று நம்ம வீட்டுச் சாப்பாட்டை வைத்து ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, புற்றுநோய் டொக்டர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்து அனுப்புங்கள். பிரதி எடுத்து இந்தப் பக்கத் தோட்டங்களின் டிஸ்பென்சரிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.