பனியில் வழுக்கி விழுந்தால்: 2 வருடக் கெடுவுக்கு முன் 60 நாள் கெடு ஒன்று இருக்கிறது

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பனியில் வழுக்கி விழுந்து அடிபட்டால் வழக்குப் போட 2 வருடம் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம் என்று சிலர் சொல்வதுண்டு. வழக்குத் தொடரும் காலவரம்பு பொதுவாக 2 வருடம் என்பது சரி. ஆனால் தனியார் இடத்தில் (கடை வாசல், அடுக்குமாடி வாகனத் தரிப்பிடம், வீட்டுப் படி) விழுந்திருந்தால், 60 நாளுக்குள் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். 2021 ஜனவரி 29 முதல் இதுதான் சட்டம்.

அதில் திகதி, நேரம், இடம் மூன்றும் இருக்க வேண்டும். 'கடைக்கு வெளியே' என்று மொட்டையாக எழுதினால் பிறகு அதிலேயே இழுபறி வரும். எந்த வாசல், எந்தப் படி என்று எழுதுங்கள். இடத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்கோ பனி அகற்ற அவர் அமர்த்திய ஒப்பந்தக்காரருக்கோ நேரில் கொடுக்கலாம், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பலாம். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது.

தவறவிட்டாலும் நியாயமான காரணம் இருந்து, எதிர்த்தரப்பின் வாதத்துக்குப் பாதகம் இல்லையென்றால் நீதிபதி ஏற்கலாம். அதை நம்பி இருக்க வேண்டாம்.

சரிபார்க்க, ஒன்ராறியோ அரசின் சட்டங்கள் இணையத்தளத்தில் 'ஒக்குப்பயர்ஸ் லயபிலிட்டி அக்ட்' (Occupiers' Liability Act, இடத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவரின் கடப்பாடு பற்றிய சட்டம்) என்று ஆங்கிலத்தில் தேடி, பிரிவு 6.1ஐப் பாருங்கள். சிறிய பிரிவுதான்.