டார்வின் வீட்டு உப்புத்தண்ணி பாட்டில்

பொண்ணுக்கு பரீட்சை, நேத்து ராத்திரி பரிணாமம் பாடம் சொல்லிக் குடுத்துட்டு இருந்தேன். "டார்வின் கலாபகஸ் தீவுக்குப் போனாரு, குருவி மூக்கைப் பாத்தாரு, கண்டுபிடிச்சிட்டாரு, அவ்ளோதானேப்பா"ங்கிறா. எனக்கும் இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க, இந்தக் கதைமேல எனக்கு ரொம்ப நாளா கடுப்பு.

மனுஷன் 1835ல அங்க இருந்ததே ஒரு அஞ்சு வாரம். எந்தக் குருவியை எந்தத் தீவுல புடிச்சோம்னுகூட ஒழுங்கா லேபிள் போடல. லண்டன் வந்தப்பறம் ஜான் கோல்டுன்னு ஒரு பறவை நிபுணர், இதெல்லாம் வேற வேற இனம், ஆனா ஒரே வகையறான்னு 1837ல சொன்னாரு, அதுக்கப்பறம்தான் இவரு கப்பல்ல கூட வந்தவங்ககிட்ட இருந்த குருவிகளைக் கேட்டு வாங்கி எது எந்தத் தீவுன்னு தேடுறாரு!

பயணம் சும்மான்னு சொல்லல, கேள்வியே அங்கதான் பொறந்துச்சு. ஆனா எனக்குப் புடிச்ச டார்வின், 1855ல டவுன்ங்கிற கிராமத்து வீட்டுல பாட்டில் பாட்டிலா உப்புத்தண்ணி வச்சிட்டு உக்காந்திருந்தவரு. நடுக்கடல் தீவுக்கு செடி எப்படிப் போச்சு? கடவுள் அங்கயே படைச்சாருன்னு ஒரு கோஷ்டி, முன்னாடி நிலம் இருந்துச்சு, அப்பறம் கடல் முழுங்கிடுச்சுன்னு இன்னொரு கோஷ்டி (பின்னாடி 1864ல வந்த லெமூரியாவும் இதே டைப்தான்). இவரு முள்ளங்கி, முட்டைக்கோஸ், கேரட், வெங்காய விதையெல்லாம் உப்புத்தண்ணில போட்டாரு. நாத்தம் தாங்காம ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி மாத்தணும். உப்புல விதை செத்துரும்னு நெனச்ச நண்பர் ஹூக்கரை அப்பா ஜெயிச்சிருவாரான்னு பசங்க வேற கேட்டுட்டே இருந்திருக்காங்க.

87 வகை விதைல 64 வகை, 28 நாள் ஊறியும் முளைச்சிருச்சு. அட்லாண்டிக் நீரோட்டம் ஒரு நாளைக்கு சராசரி 33 மைல், 28 நாளுக்கு 924 மைல். சூப்பர்ல? அங்கதான் வச்சுது ஆப்பு, விதையெல்லாம் தண்ணில முழுகிப் போகுது, முழுகுனது எங்க மிதந்து போறது! விடுவாரா, காய்களோட செடியைக் காயவச்சு மிதக்கவிட்டாரு, 94ல 18 செடி 28 நாளைத் தாண்டி மிதந்துச்சு.

மீனுக்கு விதை போட்டா, அந்த மீனை நாரை தின்னு, நூறு மைல் தள்ளிப் போய் எச்சம் போட்டு அங்க முளைக்கும்னு ஒரு கணக்கு. லண்டன் மிருகக்காட்சி சாலை மீனு அத்தனையையும் துப்பிருச்சு. அவரே ஹூக்கருக்கு இதை லெட்டர்ல எழுதிப் பொலம்பியிருக்காரு, படிச்சா சிரிப்பு தாங்காது.

குளக்கரைச் சேறு மூணு டேபிள்ஸ்பூன் எடுத்தாரு பாருங்க, அதான் உச்சம். பறவைக் கால்ல ஒட்டுற சேத்துல எவ்ளோ விதை போகும்னு பாக்கணுமாம். மொத்தமே ஒரு காலை டிபன் கப்புல அடங்குற சேறு, அதை எழுதுற ரூம்லயே மூடி வச்சு, ஆறு மாசம், ஒவ்வொரு நாத்தா முளைக்க முளைக்கப் புடுங்கி எண்ணிருக்காரு. 537 செடி. பொண்ணுகிட்ட சொன்னேன், "இது எத்தனை மார்க்குப்பா?"ன்னு கேட்டா.