குலுங்காத மாத்திரைப் புட்டி

ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போகும் ஓர் அக்கா, மாதம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, எச்.ஐ.வி. கூட்டு மருந்து வாங்கச் சேலத்துக்கு இறங்கி வருவார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம்.

திரும்பும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் புட்டிக்குள் முப்பது மாத்திரைகளும் கலகலவென்று உருளும். பக்கத்தில் இருப்பவர் என்ன மாத்திரை என்று கேட்டுவிட்டால்? அதனால் மாத்திரைகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு புட்டியை வீசிவிடுவார். மலை ஈரத்தில் மாத்திரை கெட்டுப்போகும். இது தெரிந்ததும் மருந்து தரும் மையத்தில் ஒருவர், வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி, வாங்கு வாங்கென்று வாங்கினார். புதிதாக வந்த ஆலோசகர் மட்டும் “ஏன் கொட்டுகிறீர்கள்?” என்று கேட்டார். காரணத்தைக் கேட்டதும் எழுந்து போய் ஒரு பிடி பஞ்சு கொண்டுவந்து, புட்டிக்குள் அடைத்து, அக்காவின் காதருகே ஆட்டிக் காட்டினார். சத்தமே இல்லை.

முன்பொரு முறை இரண்டு மாதம் மருந்தை நிறுத்தியிருந்ததை அக்கா அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னார். அதுவரை யார் கேட்டாலும் “ஒழுங்காகப் போடுகிறேன்” என்பதே பதில். திட்டுகிறவரிடம் யார் உண்மையைச் சொல்வார்கள்?

இலவச மருந்து 2004இலேயே வந்துவிட்டது. ஆனால் அக்காவுக்குப் பல ஆண்டுகளாகத் தெரியாத செய்தி ஒன்று இருந்தது. மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அது துணைக்குத் தொற்றாது. தட்டிலும் தம்ளரிலும் எந்தக் காலத்திலும் தொற்றியதில்லை. அவரோ தன் வீட்டிலேயே தனித் தட்டு வைத்திருந்தார். “மாத்திரையை விடாதே” என்று நூறு முறை சொன்னவர்களுக்கு இதை ஒரு முறை சொல்ல நேரமில்லாமல் போயிற்று. கூட்டம் அதிகம், ஆள் குறைவு, தெரியும். ஆனால் திட்டுவதற்கும் அதே நேரம்தானே ஆகிறது?

மையத்தைத் தாண்டினால் இன்னும் மோசம். பல் பிடுங்கப் போன ஒரு மருத்துவமனையில் சீட்டின் மேல் சிவப்பு மையில் எழுதி, கடைசி ஆளாக உட்கார வைத்தார்கள். எல்லார் ரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே எண்ணிக் கையுறை அணிவதுதான் முறை. அப்படியிருக்கச் சிவப்பு மை யாருக்காக? 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் இப்படிப் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. ஒருவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியே சொல்வதையும்தான். அது 2018 செப்டம்பரிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது.

இந்த அவமானத்துக்குப் பிறகு அக்கா வேறு எந்த மருத்துவமனைப் படியும் ஏறவில்லை. எனக்குப் பெரிய கவலை அதுதான். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. 25 வயதிலிருந்தே பரிசோதிக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அக்காவுக்கு நாற்பது தாண்டிவிட்டது; ஒரு முறைகூடச் செய்ததில்லை.

போன மாதம் கெஞ்சிக் கூத்தாடி நானே அழைத்துப் போனேன். “யாரிடமிருந்து வந்தது?” என்ற கேள்விக்கு வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டே வந்தார். செவிலியர் அதைக் கேட்கவே இல்லை. திரையை இழுத்துவிட்டு, என்ன செய்யப்போகிறார், எங்கே லேசாக வலிக்கும் என்று முதலில் சொன்னார். பிறகுதான் கையுறையை எடுத்தார்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்து, “அடுத்த முறையும் இந்த அம்மா இருக்கிற நாளாகப் பார்த்துத் தேதி வாங்கு” என்றார்.