வாய் தவறியதற்கா இந்தச் சிரிப்பு?

அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிபிசியின் காலப்பயணத் தொலைக்காட்சித் தொடரான 'டாக்டர் ஹூ'வின் முதல் நாயகன் வில்லியம் ஹார்ட்னெல் வசனத்தில் தடுமாறும் இடங்களையெல்லாம் கோத்துச் சுற்றில் விட்டிருக்கிறார்கள். கதிர்வீச்சுக்கான மருந்து என்பதற்குப் பதிலாகக் கையுறை என்று சொல்லிவிடுகிறார். அதற்குத்தான் அதிகச் சிரிப்பு.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

1963இல் அந்தத் தொடரை எப்படி எடுத்தார்கள் தெரியுமா? லண்டன் லைம் குரோவில், பழைய, நெருக்கடியான 'டி' ஸ்டூடியோ. விளக்குகளின் சூடு ஏறினால் தீயணைப்புத் தெளிப்பான்கள் தாமாகத் திறந்துகொள்ளும் என்று அங்கே வேலை செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஒரு எபிசோடுக்கு ஏறத்தாழ 2,300 பவுண்டு. வாரம் முழுக்க ஒத்திகை, ஒரே மாலையில் பதிவு. நாடாவை வெட்டி ஒட்டச் செலவாகும் என்பதால் மேடை நாடகம்போல ஒரே ஓட்டம். வாய் தவறினால் தவறியதுதான்.

செப்டம்பரில் எடுத்த முதல் எபிசோடில் கால இயந்திரத்தின் கதவே சரியாக மூடவில்லை. அக்டோபரில் முழுவதையும் மறுபடி எடுத்தார்கள். ஒளிபரப்பானது நவம்பர் 23, கென்னடி சுடப்பட்ட மறுநாள். அடுத்த வாரம் அதையே திரும்பவும் போட வேண்டியதாயிற்று. இத்தனையையும் தாங்கிய தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு வயது 27. இயக்குநர் வாரிஸ் ஹுசைன், லக்னோவில் பிறந்தவர், 24.

நானும் தொலைக்காட்சித் தொடர்களில் உதவி இயக்குநராக இருந்தவன். ஒலிப்பதிவுக்காக மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். ஒரு மூத்த நடிகர், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, நீண்ட வசனத்தைப் பேசி வந்து கடைசி வரியில் மகளின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டார். யாரோ சிரித்தார்கள். "இன்னொரு தடவை போகலாம் தம்பி" என்று என்னிடம் சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்தார்; ஒப்பனை கையோடு வந்தது. அவருக்கு இன்னொரு டேக் கிடைத்தது. ஹார்ட்னெலுக்கு அதுவும் இல்லை.

"பழையது என்றால் விமர்சிக்கவே கூடாதா?" என்பீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். முதல் கதையில் குகை மனிதர்கள் வந்தபின் இழுவைதான், நானே சொல்கிறேன். ஒரு மனிதன் திணறுவதைக் கோத்துக் காட்டுவதற்குப் பெயர் விமர்சனம் இல்லை. "நகைச்சுவைதானே" என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. இரத்தக் குழாய் நோய் ஹார்ட்னெலின் நினைவாற்றலையே அரித்துக்கொண்டிருந்தது. 1966இல் விலகினார். நோயாளியைப் பார்த்தா சிரிக்கிறீர்கள்?

பிபிசி செய்தது அதைவிடக் கொடுமை. நாடாக்களை அழித்தார்கள். அந்தத் தொடரின் 90க்கும் மேற்பட்ட எபிசோடுகள் தொலைந்தன. ஹார்ட்னெல் விடைபெற்ற கடைசி எபிசோடுகூட முழுதாகக் கிடைக்கவில்லை. மிஞ்சியதிலிருந்தும் இதைத்தானா பொறுக்கி எடுப்பீர்கள்?